குரல் மட்டும் எஞ்சிய நாடா

எங்கள் வீட்டில் 'தாத்தா பேசுற கேசட்' என்று ஒன்று உண்டு. 1991இல் சித்தியின் திருமணத்தில் எடுத்த வீடியோ நாடா அது. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதில் கடலுக்குள் இறங்கியவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். திருமணப் பந்தலில் யாரோ அதைப் பற்றிக் கேட்க, அவர் ஓரிரு நிமிடம் பேசினாராம். அவர் மறைந்தபோது அக்காவும் தம்பியுமான நாங்கள் சிறு பிள்ளைகள்.

சில ஆண்டுகளிலேயே படம் போய்விட்டது. திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். இதை ஆங்கிலத்தில் 'பனி' என்பார்கள். பனிமய மாதாவின் பெயரிலன்றி வேறெங்கும் பனியை அறியாத ஊர் எங்களுடையது. ஆனால் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "கயிறு அசைஞ்சா யோசிக்கப்படாது, இழுத்திரணும். ஒரு தடவகூடப் பிந்தலியே." அந்த வார்த்தைகளே எங்களுக்குத் தாத்தாவாக இருந்தன.

படம் போன பிறகும் குரல் எப்படித் தங்கியது என்பது டெக்கைத் திறந்தபோதுதான் விளங்கியது. வி.எச்.எஸ். நாடாவின் மேல் விளிம்பில் ஒலி, கீழ் விளிம்பில் வேகத்தைச் சீராக்கும் கட்டுப்பாட்டுத் துடிப்புகள், இடையில் சாய்ந்த கோடுகளாகப் படம். ஒலியைப் படிப்பது அசையாத ஹெட். படத்தைப் படிப்பவையோ நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் உருளையில் பதித்த நுண்ணிய ஹெட்டுகள். ஒவ்வொரு கோட்டின் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத அழுக்கு போதும், படம் மறைந்துவிடும். ஒலிக்கு ஒன்றும் ஆகாது.

பரணிலிருந்து இறக்கிய டெக் ஐந்து விநாடி ஓடி நின்றது. நாடா வெளியே சுருண்டு தொங்கியது. போனாலும் போகட்டும் என்று ஒரு பழைய சினிமா கேசட்டைத்தான் போட்டிருந்தோம். சுற்றும் பக்கத்துச் சக்கரத்தைத் திருப்பும் ரப்பர் வளையம் கண்ணாடிபோல் வழுவழுப்பாகியிருந்தது. அதையும் பெல்டுகளையும் மாற்றினோம். ஆல்கஹாலில் நனைத்த காகிதத்தை உருளையின்மேல் அசையாமல் பிடித்து, உருளையைக் கையால் சுற்றித் துடைத்தோம். காகிதத்தை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் ஒடிந்துவிடும். சினிமா கேசட் அருமையாக ஓடியது.

பிறகு எங்கள் கேசட்டைப் போட்டோம். அரை நிமிடம் மாலைகளும் முகங்களும் தெரிந்தன, மறுபடியும் புள்ளிகள். சினிமா கேசட்டைத் திரும்பப் போட்டால் அதிலும் புள்ளிகள். ஒரு காலத்தில் ஊரெங்கும் டெக் பழுது பார்த்த அண்ணாச்சி ஒருவரிடம் சொன்னோம். "டெக்கப் பாக்கதுக்கு முன்னால கேசட்டப் பாத்தீங்களா?" என்றார். கேசட்டின் சன்னல் வழியே விளக்கைக் காட்டினோம். நாடாச் சுருளின்மேல் வெண்மையான பூஞ்சை. இத்தனை ஆண்டுகளும் நோயாளியை விட்டுவிட்டு வைத்தியரைக் குறைகூறியிருக்கிறோம். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பூஞ்சை ஹெட்டை அடைத்தது. கூடவே நாடாவும் தேய்ந்தது.

குரல் கிடைக்கிறதே, அதோடு விட்டுவிடலாமா என்று தயங்கினோம். துடைக்கும்போது நாடா அறுந்தால் அதுவும் போய்விடும். முதலில் குரலை மட்டும் கணினியில் பதிந்துகொண்டோம். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேசட்டை ஒரு எவர்சில்வர் டப்பாவில் சில நாட்கள் மூடிவைத்தோம். ஐந்து திருகுகளைக் கழற்றிச் சுருள்களை நல்லதொரு கூட்டுக்கு மாற்றினோம். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மொட்டைமாடியில் ஒருவர் சுற்ற, மற்றவர் மென்துணியால் துடைத்தோம். மூன்று மணி நேர நாடா சுமார் 250 மீட்டர். இரண்டு மாலைகள் ஆயின.

மீண்டும் ஓட்டியபோது படத்தில் ஒரு வெண்பட்டை மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. துடிப்பைப் படிக்கும் ஹெட்டின் கீழ்ப்பகுதியைத் துடைத்ததும் பட்டை நின்றது. படமும் நின்றது.

பந்தலில் இரு முதியவர்கள். வலப்பக்கம் வெற்றிலையை மடித்தபடி பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தவர் தாத்தா. வீட்டுப் புகைப்படத்தில் இருக்கும் அதே முகம். பேசிக்கொண்டிருந்தவர் அவருடைய மைத்துனர். குளிப்பவரின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பார், தங்கையின் தாலி அவர் கையில் அல்லவா என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். யோசிக்காமல் இழுத்தவர், ஒரு தடவைகூடப் பிந்தாதவர் அவர்தான். அந்தச் சொற்கள் கீழே இருந்தவருடையவை அல்ல, மேலே நின்றவருடையவை. அத்தனை ஆண்டுகளும் நாங்கள் தவறாகவே கேட்டிருக்கிறோம்.

தாத்தாவின் குரல் எங்களிடம் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

உலகில் கடைசியாக வீடியோ ரெக்கார்டர் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. இனி ஹெட் போனால் பழைய டெக்கிலிருந்து கழற்றினால்தான் உண்டு. பரணில் கேசட் வைத்திருப்பவர்கள் முதலில் அதன் சன்னலைப் பார்க்கட்டும். வெள்ளை தெரிந்தால் டெக்கில் போட வேண்டாம்.

கணினியில் 'தாத்தா குரல்' என்றிருந்த கோப்பின் பெயரை மாற்றினோம். இப்போது அதில் இருவர் பெயரும் இருக்கின்றன.