பேசாதிருந்த மோடம்



தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை எட்டிய நாட்கள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மோடம் எண்ணைச் சுழற்றும். மறுமுனையில் இன்னொரு மோடம் எடுக்கும். பின்பு இரண்டும் கீச்சிட்டு இரையும். அந்த இரைச்சல் வீணானதன்று. கம்பி எத்தன்மையது, எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்று இரண்டும் ஒன்றையொன்று சோதித்தறிந்து உடன்படும் நேரம் அது. 56 கிலோபிட் வேகம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், கம்பி பழையதானால் குறைந்த வேகத்துக்கே இணங்கும்.

2003ஆம் ஆண்டு என் தம்பி மகன் எங்கள் வீட்டுக் கணினியில் ரெட்ஹாட் லினக்ஸ் 9ஐ நிறுவித் தந்தான். திரை அழகாய் மலர்ந்தது, மோடமோ பேசவில்லை. வளைகுடாவில் வேலை செய்துவந்த என் மகனின் மின்னஞ்சல் வாரந்தோறும் அதன் வழியாகத்தான் வரும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவன் தாய் கணினியின் முன் அமர்ந்து வெறுமனே எழுந்துபோனாள். நான் பொறுமையிழந்தேன். "நன்றாயிருந்ததைக் கெடுத்துவிட்டாய்" என்று உறவினர் பலர் முன்னிலையில் அந்தப் பிள்ளையைக் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி சொல்லாமல் எழுந்து போய்விட்டான்.

நானே சரிசெய்வேன் என்று உட்கார்ந்தேன். பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தேடியபோது காரணம் விளங்கியது. முழுமையான மோடத்துக்குத் தனக்கென்று ஒரு செயலி உண்டு. கணினியின் எண்களை ஒலியாகவும், ஒலியை எண்களாகவும் அதுவே மாற்றும். எங்களுடையதோ 'வின்மோடம்' எனப்படும் மலிவான அட்டை. அந்த வேலையின் பெரும்பகுதியை அது கணினியின் செயலியிடமே விட்டுவிடும். அதைச் செய்யும் மென்பொருள் டிரைவருக்குள் இருக்கும். தயாரித்தவர்கள் அதை விண்டோஸுக்கு மட்டுமே குறுந்தகட்டில் தந்திருந்தார்கள். இத்தகைய அட்டைகளை லினக்ஸிலும் இயங்கவைக்க 'லின்மோடம்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் உழைத்துவந்தார்கள். அவர்கள் வழியே கிடைத்த டிரைவரை பிளாப்பியில் கொண்டுவந்தேன். கணினி அதையும் ஏற்க மறுத்தது. டிரைவர் ஒரு கெர்னல் பதிப்புக்காகத் தொகுக்கப்பட்டது. எங்கள் கணினியில் இருந்ததோ 2.4.20-8. ஒரே ஓர் எண் மாறினாலும் அது உள்ளே வராது.

நான்காம் இரவில் என் பெருமை உடைந்தது. தம்பி வீட்டுக்குச் சென்று பிள்ளையை அழைத்தேன். அவன் வந்தான். முதலில் அட்டையின் சில்லு எது என்று கணினியிடமே கேட்டான். கெர்னலின் மூலநிரலைக் குறுந்தகட்டிலிருந்து நிறுவி, அதே பதிப்புக்கு ஏற்ப டிரைவரைத் தொகுத்தான். மோடம் விழித்தது; ஆனாலும் 'டயல் டோன் இல்லை' என்றது. எங்கள் தொலைபேசி நிலையத்தின் ஒலி, அது எதிர்பார்த்த ஒலியாக இல்லை. அந்த ஒலிக்காகக் காத்திராமல் எண்ணைச் சுழற்று என்பதற்கு எக்ஸ்3 என்றொரு கட்டளை உண்டு. அதைச் சேர்த்தான். அந்தப் பழைய இரைச்சல் வீடெங்கும் நிறைந்தது. என் மகனின் கடிதங்கள் மூன்று காத்திருந்தன.

நான் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனோ, "பெரியப்பா, நானும் முன்னமே மோடத்தைச் சோதித்திருக்க வேண்டும். ஆனால் அது கெட்டுப்போகவில்லை, அதைப் புரிந்துகொள்ளும் டிரைவர்தான் உள்ளே இல்லை" என்றான்.

அந்த வார்த்தை இன்றும் என்னை உணர்த்துகிறது. ஒரு மோடம் தன் முதல் செய்தியை அனுப்புமுன் கம்பியைச் சோதிக்கிறது. மறுமுனை தாங்கும் அளவுக்குத் தன் வேகத்தைத் தாழ்த்துகிறது. பாதிவழியில் இரைச்சல் மிகுந்தாலும் இணைப்பை உடனே அறுத்துவிடாமல், நின்று மறுபடியும் உடன்படப் பார்க்கிறது. நானோ என் கோபத்தின் முழு வேகத்தையும் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின்மேல் செலுத்தினேன். என்ன நடந்தது என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் பேசாதிருக்கிற ஒருவர் உண்டா? அவரைப் பழுதென்று தீர்ப்பதற்கு முன் அருகே உட்காருங்கள். குறை அவரிடத்திலா, அல்லது அவர் மொழியை அறியாத நம்மிடத்திலா என்று நிதானித்துப் பாருங்கள். தவறு உங்களுடையதானால் நான்காம் இரவுமட்டும் காத்திராதேயுங்கள். இன்றைக்கே எழுந்து போங்கள்.