நீங்கள் குடவோலைக்குத் தகுதியா?

ஒரு சின்ன டெஸ்ட். மனசுக்குள்ளேயே பதில் சொன்னால் போதும்.

வயசு 35-க்கு மேல், 70-க்குள்ளா? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல், அதாவது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, இருக்கிறதா? சொந்த மனையில் சொந்த வீடு? வேதம் ஓதி, அடுத்தவருக்கும் சொல்லித் தரத் தெரியுமா? போன மூணு வருஷத்தில் எந்த வாரியத்திலும் இல்லையே?

எல்லாவற்றிலும் பாஸ் என்றால் வாழ்த்துக்கள்! கி.பி. 921-ல் உத்திரமேரூரில் உங்கள் பேரையும் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டிருப்பார்கள். நான் ரெண்டாவது கேள்வியிலேயே அவுட். மண்ணரையில் லைன் வீட்டுக்காரன். நான் ஆளுகிற ஒரே நிலம் பைக் நிறுத்துகிற இடம். அதுவும் ஹவுஸ் ஓனருடையது.

பரீட்சையில் நாலு மார்க்குக்காக நாம் மனப்பாடம் செய்த குடவோலையில் ரசிக்க நிறைய இருக்கிறது ஸார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். ஊரில் முப்பது குடும்பு. இன்றைய பாஷையில் வார்டு. விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன்தான் குடத்திலிருந்து ஓலை எடுக்க வேண்டும். வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதே! இப்படி வருஷ வாரியத்துக்கு 12 பேர், தோட்டத்துக்கு 12, ஏரிக்கு 6. பதவி 360 நாள். அப்புறம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்குப் பிடித்த ஷரத்து ஒன்று உண்டு. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பேர் குடத்தில் ஏறாது. அவன் அண்ணன் தம்பி, மாமனார், மச்சினன், அக்கா புருஷன், மருமகன், மகன் யார் பேரும் ஏறாது. இன்றைக்கு இதை அமல்படுத்தினால் நிறைய ஊரில் குடம் காலியாகத்தான் இருக்கும்.

இதற்கு ஆயிரத்து நானூறு வருஷம் முன்பே கிரேக்கத்து ஏதென்ஸிலும் குலுக்கல்தான். கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனீஸ் என்பவர் ஜனங்களைப் பத்துப் பிரிவாக்கினார். பிரிவுக்கு ஐம்பது பேர் வீதம் 500 பேர் கொண்ட சபை. முப்பது வயசானால் போதும், சீட்டு விழுந்தால் ஒரு வருஷம் மெம்பர். பதவி முடிந்ததும் அங்கேயும் கணக்கு ஒப்பிக்க வேண்டும். போருக்குப் போகும் தளபதிகளை மட்டும் குலுக்கலில் விடவில்லை, கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். விவரமானவர்கள்!

ஆனால் ரெண்டு ஊரிலும் குடத்துக்கு வெளியே நின்றவர்கள்தான் ஜாஸ்தி. உத்திரமேரூர் பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர். ஏரியில் மண் சுமந்தவர் பேரோ, வயலில் நாற்று நட்டவள் பேரோ ஓலையில் இல்லை. ஏதென்ஸிலும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் ஓட்டு கிடையாது. கி.மு. 451-ல் பெரிக்ளீஸ் சட்டம் போட்ட பிறகு அப்பா, அம்மா ரெண்டு பேருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடிமகன். பிழைக்க வந்தவர்களுக்கு 'மெட்டிக்' என்று பேர். ஆண்களுக்கு வருஷம் 12 டிராக்மா தலைவரி. போர் வந்தால் சண்டைக்கும் போக வேண்டும். சபையில் மட்டும் வாய் திறக்கக் கூடாது. அரிஸ்டாட்டிலே அங்கே மெட்டிக்தான். அரசியல் பற்றிப் புஸ்தகம் எழுதியவருக்கு, இருந்த ஊரில் ஓட்டு இல்லை!

நம் சட்டம் இந்த விஷயத்தில் ரொம்ப தாராளம். நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், பிறந்த ஊர் எது என்றும் கேட்பதில்லை. இந்தியக் குடிமகன், 18 வயசு, வழக்கமாக அங்கே குடியிருக்கிறார். இது போதும். வாடகை வீடானாலும் சரி.

அப்படியிருந்தும் எங்கள் லைனில் பதினோரு வீட்டுக்கு ரெண்டே ஓட்டு. தேனி, சிவகங்கை, ஒடிசா, பீகார் என்று வந்தவர்கள். சாக்கடை அடைத்து வாசல்வரை வந்தபோது முறையிடப் போனோம். கேட்டவர் முதலில் கேட்டது, "உங்க லைன்ல எத்தனை ஓட்டுங்க?"

பக்கத்து வீட்டு ஒடிசாக்காரர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். எட்டு வருஷமாக இங்கே. அவர் தமிழில் என்னைவிட 'ங்க' அதிகம். "ஓட்டை இங்க மாத்திக்கலாமே" என்றேன்.

"மாத்துனா ஊர்ல பேரு போயிருமுங்களே? அங்க அப்பா அம்மா இருக்காங்க, வீடு இருக்கு."

"சரி, ஊர்ல போய்ப் போடறீங்களா?"

"ரயில்ல போக வர நாலு நாளுங்க. ஒன்றரை ஷிப்ட் சம்பளம் யாரு தருவாங்க?"

இருக்கிற இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடும் மெஷின் ஒன்றைத் தேர்தல் கமிஷன் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முனைந்தது. பல கட்சிகள் ஆட்சேபித்தன. அது வந்தாலும் எங்கள் சாக்கடைக்கு உதவாது, ஓட்டு ஒடிசாவுக்கல்லவா போகும்!

தேனிக்காரரும் சிவகங்கைக்காரரும் முகவரி மாற்றப் படிவம் 8 கேட்டிருக்கிறார்கள். நிரப்பித் தருவது என் பொறுப்பு. ஒடிசாக்காரர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். மூன்று பேரும் சேர்ந்தால் ஓட்டு ரெண்டு, ஐந்தாகும். அடுத்த தடவை சாக்கடை அடைத்தால் அந்த எண்ணிக்கையோடுதான் போகப் போகிறோம்.