மூணு நாள்... நாலு டிக்கெட்... ஒரே சென்னை!

காலண்டரில் சனி, ஞாயிறை ஒட்டினாற்போல ஒரு திங்கட்கிழமை சிவப்பு மையில் தெரிந்தால் போதும். தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் அன்றைக்கே மாநாடு கூடிவிடும். ‘‘இந்தத் தடவையாவது மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா!’’ என்று சின்னது ஆரம்பிக்கும். ‘‘எனக்கும் ஒரு பட்டுப்புடவை பாக்கி இருக்குங்க’’ என்று சமையலறையிலிருந்து தீர்மானம் வழிமொழியப்படும். குடும்பத் தலைவர் மட்டும் மனசுக்குள் கேஷுவல் லீவையும் பேங்க் பேலன்ஸையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார்.

ஸார், அது நீங்கள்தானே? அப்படியானால் மேலே படியுங்கள்.

முதல் வேலையாக அந்த லிஸ்ட்டைக் கிழித்துப் போடுங்கள். எந்த லிஸ்ட்டா? மியூசியம், வண்டலூர், மகாபலிபுரம், முதலைப் பண்ணை என்று பதினாலு இடம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறீர்களே, அதேதான். நான் படித்தது பி.காம். மூணு வருஷத்தில் உருப்படியாக மண்டையில் நின்றது ஒரு விஷயம். எந்தச் சரக்குக்குத் தட்டுப்பாடோ, அதை வைத்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். சென்னை டிரிப்பில் தட்டுப்பாடு பணத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்னால் தீர்ந்துபோவது ஆறு வயசுக் குழந்தையின் கால்! காலையில் ஒரு மூணு மணி நேரம், சாயங்காலம் ஒரு மூணு மணி நேரம்... அவ்வளவுதான் கையிருப்பு. அதற்கு மேல் ஓவர்டிராஃப்ட் எடுத்தால் வட்டியை உங்கள் தோள்தான் கட்டும்.

ஆகவே நம்ம திட்டம் சிம்பிள். மூணு நாள், மூணு பேட்டை. சனிக்கிழமை மயிலாப்பூர், ஞாயிற்றுக்கிழமை அடையாறு, திங்கட்கிழமை தி.நகர். மூணும் பக்கத்துப் பக்கத்தில். வண்டலூர் புலி எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த லீவுக்கு அங்கேயேதான் இருக்கும்.

டிக்கெட் கணக்கு

ரயிலா, பஸ்ஸா? ரயில் என்றால் ஒரு சமாசாரம். நாலு மாசம் முன்னாலேயே ரிசர்வ் பண்ணிய காலம் போய், 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான் என்று ஆகிவிட்டது. அந்த அறுபதாவது நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அஞ்சு வயசு நிறைந்து பன்னிரண்டு நிறையாத வாண்டுக்கு பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். ‘மிச்சம் பிடிக்கிறேன்’ என்று பாதி டிக்கெட் எடுத்தால், ராத்திரி முழுக்க அந்த வாண்டு குறுக்கே படுக்க, நீங்கள் ஓரத்தில் உட்கார்ந்து விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று ஸ்டேஷன் பெயர் படித்துக்கொண்டே வர வேண்டியதுதான். சில எக்ஸ்பிரஸ்கள் மாம்பலத்திலும் நிற்கும். உங்கள் வண்டி நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

தெற்கேயிருந்து அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு... 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு கோயம்பேடு கணக்கு பழைய கணக்கு. கிளாம்பாக்கத்திலிருந்து தி.நகர் சுமார் 30 கிலோமீட்டர். விடிகாலையில், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பெட்டியோடு அந்த தூரத்தை எப்படிக் கடப்பது என்பதை ஊரிலேயே முடிவு பண்ணிக்கொண்டு கிளம்புங்கள்.

தங்குவது? மேற்கு மாம்பலத்தில் சித்தப்பா வீடு இருக்கும். ஒற்றை பெட்ரூம், ஒற்றை பாத்ரூம், காலையில் தண்ணீர் வரும் நேரம் அந்த வீட்டுச் சட்டம். ஒரு ராத்திரி என்றால் உறவு வளரும். மூணு ராத்திரி என்றால் சித்தி சிரித்துக்கொண்டே, ‘‘ரிட்டர்ன் டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிடுச்சா?’’ என்பார். லாட்ஜில் தங்கிக்கொண்டு, ஒரு வேளை சாப்பாட்டுக்கு மட்டும் பழத்தோடும் அல்வாவோடும் போய் இறங்குங்கள். இரண்டு பக்கமும் சந்தோஷம்.

சனி: மயிலும் விளக்கும்

கபாலீஸ்வரர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். குழந்தைகளிடம் கோபுரத்தின் உயரத்தையும் வருஷத்தையும் ஒப்பிக்காதீர்கள். கதை சொல்லுங்கள். அம்பாள் மயிலாக வந்து புன்னை மரத்தடியில் சிவனைப் பூஜித்த கதை. பாம்பு கடித்து இறந்துபோன பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் பாட்டுப் பாடி எழுப்பிய கதை. சொல்லி முடித்துவிட்டு, ‘‘அந்த மயில் இங்கே எங்கே இருக்கு, கண்டுபிடி பார்க்கலாம்’’ என்று விட்டுவிட்டால், அரை மணி நேரம் உங்களுக்கு நிம்மதி.

வெளியே மாட வீதிகளைச் சுற்றுவதே ஒரு பொருட்காட்சிதான். பூக்கடை, பாத்திரக் கடை, நவராத்திரி சமயமென்றால் வடக்கு மாட வீதி நெடுக கொலு பொம்மை. காளத்தி கடை ரோஸ் மில்க் ஒரு கிளாஸ் உள்ளே போனால் வாண்டுகளின் பேட்டரி மறுபடி ஏறிவிடும். பக்கத்திலேயே சாந்தோம் தேவாலயம். ஏசுவின் சீடர் தோமையாரின் கல்லறை மீது எழுந்தது என்பது நம்பிக்கை. இப்போது நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் 1896-ஐச் சேர்ந்தது. காலையில் கோபுரம், அடுத்து தேவாலயக் கூம்பு. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிற குழந்தைக்கு நீங்கள் தனியாக உபதேசம் எதுவும் பண்ண வேண்டாம்.

மதியம் தூங்குங்கள். கண்டிப்பாகத் தூங்குங்கள். மூணரை மணி வாக்கில் கலங்கரை விளக்கம். மதிய இடைவேளை உண்டு. சாயங்காலம் சீக்கிரமே மூடிவிடுவார்கள். திங்கட்கிழமை விடுமுறை. சனிக்கிழமையை மயிலாப்பூருக்குக் கொடுத்த காரணம் இப்போது புரிந்ததா? 1894-லிருந்து சென்னைக் கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்கு ஹைகோர்ட் கோபுரத்தின் உச்சியில்தான் இருந்தது. 1977-ல்தான் மெரினாவுக்கு வந்தது. இதில் லிப்ட் உண்டு. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காலையில் பார்த்த அதே கோபுரம். ‘பறக்கும் ரயில்’ என்று குழந்தைகள் குதித்தால், திருமயிலை ஸ்டேஷனில் ஏற்றி நாலு ஸ்டேஷன் அழைத்துப் போய்த் திரும்புங்கள். அஞ்சு ரூபாயிலிருந்து டிக்கெட். இதை விட மலிவான ராட்டினம் சென்னையில் கிடையாது.

ஞாயிறு: மானும் மரமும்

அடையாறு பக்கத்தில் காலை நேரத்துக்கு கிண்டி சிறுவர் பூங்கா. புதுப்பித்து 2024-ல் மறுபடி திறந்தார்கள். அதை ஒட்டிப் பாம்புப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகர் 1972-ல் ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை லீவு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலேயே கிண்டி தேசியப் பூங்கா. மாநகரத்தின் நடுவே சுமார் 270 ஹெக்டேர் காடு, அதில் புள்ளிமானும் வெளிமானும் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நீங்களே காட்டுங்கள்.

உச்சி வெயிலுக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது. 2011-ல் இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அரசு அறிவிக்க, வழக்கு ஹைகோர்ட் ஏறி, நூலகம் நூலகமாகவே நின்றது. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி. நடுவே ஒரு செயற்கை மரம், அதன் அடியில் உட்கார்ந்து படிக்கலாம். உட்கார்ந்து படிக்கப் பைசா கிடையாது. ‘லீவுக்கு வந்தும் புஸ்தகமா?’ என்று முனகும் பையன், அரை மணி கழித்து, ‘‘இன்னும் கொஞ்ச நேரம்ப்பா’’ என்பான். அரசு விடுமுறையில் மூடியிருக்கும். ஆகவே அன்றைய தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச். மெரினாவை விடக் கூட்டம் குறைவு, மணல் தூரமும் குறைவு. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடுதல் எல்லாம் உண்டு. மணலில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கும். எல்லோரும் அதன் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்காரர் 1930-ல் இந்தக் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்டார். அவர் நினைவாக எழுப்பியது. குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், ‘‘கால் நனைக்கலாம், முட்டிக்கு மேல் கூடாது’’ என்று சொல்லுங்கள். சென்னைக் கடல் பார்க்கச் சாது. உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்த காலேஜ் பையன்களையே வருஷா வருஷம் வாங்கிக்கொள்கிற கடல்.

திங்கள்: பர்ஸும் பாலமும்

தி.நகரைக் கடைசி நாளுக்கு வைத்ததில் ஒரு வணிகவியல் தந்திரம் உண்டு. முதல் நாளே ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தால், மீதி இரண்டு நாளுக்குச் சுண்டல் வாங்கக்கூடக் கையில் காசு இருக்காது! தவிர, இரண்டு நாள் அந்தப் பைகளைச் சுமப்பது யார்?

கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்ட் வரை 2023 மே மாதம் திறந்த நடைமேம்பாலம் இருக்கிறது. அரை கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதல் நீளம். கீழே தெரு கொதிக்கும்போது மேலே வண்டியும் இடியும் இல்லாமல் நடந்து போகலாம். பாண்டி பஜாரில் 2019-லிருந்து அகலமான நடைபாதை. அம்மா புடவைக் கடைக்குள் போகட்டும். நீங்கள் வாண்டுகளோடு அங்கே உட்கார்ந்து கதை சொல்லுங்கள். ‘இங்கே ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரே எழும்பியது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பெயர் மட்டும் மிச்சம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘‘அப்போ மீனெல்லாம் எங்கே போச்சு?’’ என்று கேள்வி வரும். பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.

கூட்டம்... ஜாக்கிரதை!

சிரிப்பை ஒரு நிமிஷம் ஓரம் கட்டிவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 6, மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சி. லட்சக்கணக்கில் ஜனம். குடும்பம் குடும்பமாகக் குழந்தைகளோடு வந்தார்கள். உச்சி வெயில், தண்ணீர் கிடைக்காத திண்டாட்டம், திரும்பிப் போகும்போது பறக்கும் ரயில் ஸ்டேஷன்களில் மூச்சு முட்டும் நெரிசல். அன்றைக்கு ஐந்து உயிர்கள் போயின. விழாக் கூட்டத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் முன், வெளியே வர வழி எது என்று பார்த்துவிட்டுப் போங்கள். வழி தெரியாவிட்டால் போகாதீர்கள். டி.வி.யில் இன்னும் நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. சட்டைப் பைக்குள் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு. நாலு வயசுக்கு மேல் என்றால் நம்பரை மனப்பாடமே பண்ண வையுங்கள். ‘தொலைந்தால் ஓடாதே, நின்ற இடத்திலேயே நில்’ என்பதைத் திருக்குறள் மாதிரி தினம் ஒப்பிக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, போலீஸுக்கு 112. தலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில்.

இவ்வளவு பாடு எதற்கு, பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று தோன்றுகிறதா? நான் முதன்முதலாகச் சென்னையைப் பார்த்தது இருபத்திரண்டு வயசில். கையில் ஃபைல், அதற்குள் மார்க் ஷீட், ஒரு இன்டர்வியூ. இரண்டு பஸ் மாறி, மூணு பேரிடம் வழி கேட்டுப் போய்ச் சேர்வதற்குள் சட்டை நனைந்து, குரல் தொண்டைக்குள் ஒளிந்துகொண்டது. பக்கத்து நாற்காலிப் பையனும் வெளியூர்தான். ஆனால் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். ‘‘சின்ன வயசிலே லீவுக்கு மாமா வீட்டுக்கு வருவேன், ஊர் பழக்கம்’’ என்றான். இரண்டு பேருக்கும் ஒரே படிப்பு, ஏறக்குறைய ஒரே மார்க். அவனிடம் கூடுதலாக இருந்தது அந்த நாலைந்து லீவு நாட்கள்தான்.

உங்கள் பிள்ளையும் ஒருநாள் படிக்கவோ வேலைக்கோ இந்த ஊரில் தனியாக வந்து இறங்கத்தான் போகிறது. அன்றைக்கு இது மிரட்டுகிற ஊராக இருக்கப் போகிறதா, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சுண்டல் தின்ற ஊராக இருக்கப் போகிறதா என்பது இந்த மூணு நாளில் இருக்கிறது. புடவைச் செலவை விட இது பெரிய முதலீடு. (இதை வீட்டில் சத்தமாகப் படிக்க வேண்டாம்.)

கடைசியாக, திங்கட்கிழமை மதியத்துக்கு மேல் ஒன்றுமே திட்டம் போடாதீர்கள். ‘எங்கே போகலாம்?’ என்று பிள்ளைகளையே கேளுங்கள். ‘‘மறுபடியும் லிப்ட்!’’ என்பார்கள். திங்கட்கிழமை லைட் ஹவுஸ் லீவு என்று சொல்லி, பறக்கும் ரயிலில் இன்னொரு ரவுண்டு அடித்துவிட்டு, ராத்திரி வண்டியைப் பிடியுங்கள். முழு பெர்த் எடுத்திருக்கிறீர்கள் அல்லவா? குறட்டை நிச்சயம்!