ஆலன் ஃப்ரீடும் டெலிபோன் டைரக்டரியும்

அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடின் பழைய நிகழ்ச்சிப் பதிவு ஒன்றை நேற்று ராத்திரி ஹெட்போனில் கேட்டேன். பாட்டை ஓடவிட்டுச் சும்மா இருக்கிற ஆளில்லை. மைக்கைத் திறந்துவைத்து, தடித்த டெலிபோன் டைரக்டரியில் தாளம் தட்டுவார், நடுவே கத்துவார். 1951இல் கிளீவ்லாந்தில் தொடங்கிய கூத்து, 1954இல் நியூயார்க் வின்ஸ் நிலையத்துக்குப் போனது. கறுப்பினக் கலைஞர்களின் பாட்டை வெள்ளைக்காரப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து கேட்டார்கள். ராத்திரியானால் அவர் நிகழ்ச்சியைச் சுமந்த ஏஎம் வானொலி அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பல நூறு மைல் தள்ளி இறங்கும். கரகரப்பு இலவசம்!

காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்ட வழக்கில் 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டவரும் இவரேதான். அபராதம் 300 டாலர். இருக்கட்டும். காசு வாங்கினவன் தட்டுகிற தட்டாக எனக்கு அந்த டைரக்டரித் தாளம் கேட்கவில்லை.