பழைய ஃபோல்டரும் ஒரு போட்டோவும்

கொஞ்சம் நீளமான பதிவுதான். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் லேப்டாப்பை ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் 11 போட்டு வாங்கி வந்தேன். மறுநாளே சி டிரைவ் நிரம்பிவிட்டதாகச் சிவப்பு காட்டியது. மொத்தமே 128 ஜிபி. அதில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டர் மட்டும் 50 ஜிபிக்கு மேல்.

சென்னையில் இருக்கும் தம்பி மகளுக்கு போன் போட்டேன். "அது பழைய விண்டோஸ், பெரியப்பா. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ்னு போய் அழிச்சிடலாம்" என்றாள். போனேன். இருந்த எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். பட்டனை அழுத்துவதுதான் பாக்கி.

அந்த நேரம் வாசலில் ஓர் அம்மா. ஷூ கம்பெனியில் வேலை முடிந்து நேராக வந்திருந்தார். அவர் மகன் என்னிடம் பத்தாவது படித்தவன். போன வருடம் விபத்தில் போய்விட்டான். "சார், பாலாத்து வெள்ளத்துல வீட்ல இருந்த போட்டோ எல்லாம் போயிடுச்சு. நீங்க ஸ்கூல்ல எடுத்தது ஏதாவது இருக்குமா?" என்று கேட்டார்.

பிக்சர்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். காலி! கை நடுங்கிவிட்டது. மறுபடி போன்.

"அப்கிரேடு பண்ணாம புதுசா இன்ஸ்டால் பண்ணிட்டாங்க போல. ஒண்ணும் அழிச்சிடாதீங்க பெரியப்பா! அந்த ஓல்டுக்குள்ள யூசர்ஸ்னு இருக்கும், அதுல உங்க பேரைத் திறந்து பாருங்க."

எல்லாம் அங்கே இருந்தன. இருபது வருடப் பள்ளிப் படங்கள். விளையாட்டு விழாவில் கோப்பையோடு அந்தப் பையனும் நின்றான். அந்த அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். நான் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் ஃபைல்கள் புது விண்டோஸில் இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். இல்லையென்றால் பழைய ஃபோல்டரிலிருந்து வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுங்கள். தள்ளிப்போடாதீர்கள், அப்கிரேடு செய்து 10 நாள் ஆனால் விண்டோஸே அந்த ஃபோல்டரை அழித்துவிடும்.

அப்கிரேடு செய்தவர்கள் உடனே அழிக்கவும் வேண்டாம். பிரின்டர், தமிழ் கீபோர்டு எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் பழையதற்குத் திரும்ப அந்த ஃபோல்டர்தான் வழி.

அழிக்கும்போது 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதற்கு மட்டும் டிக் போடுங்கள். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு கட்டம் உண்டு. என் பென்ஷன் ஆர்டர் அதில்தான் கிடந்தது! இப்படி அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் நுழைந்து இடம் அடைப்பதையெல்லாம் கையால் அழிப்பது இன்னும் ஆபத்து.

என் அப்பா தோல் ஷாப்பில் வேலை செய்தவர். சுண்ணாம்பில் ஊறிய தோலில் சதையை வழிக்கும்போது கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் தோலே வீண் என்பார். எனக்கு இப்போதுதான் புரிந்தது.

படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். காப்பி எடுத்த ஹார்ட் டிஸ்க் பீரோவில் இருக்கிறது. உங்கள் படமும் அதில் இருக்கலாம். வேண்டுமென்றால் கேளுங்கள் பிள்ளைகளே.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்