எத்தனை கிறிஸ்துமஸ்?

பாப்புவா நியூகினியில் ஒருவரின் வயதை அறிய, "ஹமாஸ் கிறிஸ்மாஸ் பிலோங் யூ?" என்று கேட்கிறார்கள். உனக்கு எத்தனை கிறிஸ்துமஸ் என்று பொருள். 800க்கும் மேற்பட்ட மொழிகள் கொண்ட அந்நாட்டை ஒட்டவைத்திருக்கும் டோக் பிசின் மொழியின் வழக்கு இது. அந்தக் கணக்கில், ஏழு கிறிஸ்துமஸ் கழித்து 2018 டிசம்பரில் நான் ஓக்சாப்மினுக்குத் திரும்பினேன்.

தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைநாட்டுக்குச் சாலை இல்லை. மவுண்ட் ஹேகன்வரை பெரிய விமானம். அங்கிருந்து பத்துப் பேர்கூட ஏறமுடியாத சிறிய விமானம். டோக் பிசினில் விமானத்துக்குப் பெயர் 'பாலுஸ்'. புறாவைக் குறித்த சொல் அது. புறா என்ன சுமக்கும்? மூட்டையோடு நம்மையும் தராசில் ஏற்றி நிறுத்துவிட்டுத்தான் இடம் தருகிறார்கள். டிசம்பரில் நகரத்து வேலைக்காரர்கள் அத்தனை பேரும் அரிசி மூட்டை, டின் மீன், குழந்தைகளுக்குப் புதுத்துணி என்று ஊருக்குக் கிளம்புவதால் இடம் கிடைப்பது கடினம். மூன்று நாள் காத்திருந்தோம். இரண்டு நாள் மேகம் விடவில்லை. மலைநாட்டில் மதியத்துக்குமேல் மேகம் மூடிவிடும். காலையில் பறக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

என்னுடன் வந்தவர் மொழியியல் ஆய்வாளரான என் தோழி. 2011ல் அவருடன்தான் முதலில் போனேன். அங்கே ஒரு முதியவர் எண்ணிக்காட்டினார். வலது கைக் கட்டைவிரலைத் தொட்டால் ஒன்று. சுண்டுவிரல் ஐந்து, மணிக்கட்டு ஆறு, முன்கை ஏழு. முழங்கை, தோள், கழுத்து, காது, கண் என்று ஏறி மூக்கில் 14. பிறகு மறுபக்கம் இறங்கி இடது கைச் சுண்டுவிரலில் 27. எண்ணுக்கும் உறுப்புக்கும் ஒரே பெயர். சாண், முழம், விரற்கடை என்று நாம் நீளத்தை அளக்க உடம்பைக் கடன் வாங்கினோம். இவர்களுக்கு உடம்பே எண்வரிசை. தமிழில் முதுகலை படித்த எனக்கு இதைவிடச் சுவையான விருந்து வேண்டுமா? அவர் மூக்கில் விரல் வைத்திருந்த நொடியில் படம் எடுத்தேன். ஊர் திரும்பிக் கட்டுரை எழுதினேன், படத்தோடு வெளிவந்தது. பாராட்டுக் கடிதங்களும் வந்தன.

இந்த எண்முறை உலகுக்குப் புதிதல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி சாக்ஸ் 1978லும் 1980லும் இங்கே ஆராய்ந்து, 2001ல் மறுபடி வந்தார். ஆஸ்திரேலிய ஆட்சியில் ஷில்லிங் புழங்கத் தொடங்கியபோது, 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்பதால், சிலர் 27வரை போகாமல் இடது முழங்கையில், அதாவது 20ல், நிறுத்திவிட்டு மறுபடி கட்டைவிரலில் தொடங்கினார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். காசுக்கேற்ப உடம்பு சுருங்கியது. தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்புகளைத் தாய்மொழியில் நடத்தும் ஏற்பாடும் 2013ல் போய், ஆங்கிலம் வந்தது. இப்போது சிறுவர்கள் 'வன், டூ' என்கிறார்கள். ஒரு பையனிடம் எத்தனை கிறிஸ்துமஸ் என்று கேட்டேன். "எய்ட்" என்றான். பக்கத்திலிருந்த பாட்டி தன் முழங்கையைத் தட்டிக்காட்டினாள். அவன் சிரித்துவிட்டு ஓடிவிட்டான்.

ஓடுதளத்தில் எங்களைப் பார்த்ததும் முதியவரின் மகள் தோழியைக் கட்டிக்கொண்டு அழுதார். "சோரி, சோரி" என்றார். அது மன்னிப்புக் கேட்பதல்ல, பிரிந்தவரைப் பார்த்ததும் பொங்கும் சொல். பிறகு கட்டைவிரலில் தொடங்கி முன்கைவரை தொட்டு, இத்தனை வருடமா என்று கேட்டார். அப்பா இறந்து நான்கு கிறிஸ்துமஸ் ஆயிற்றாம்.

தோழி தன் பதிவுகளையும் அச்சிட்ட சொற்பட்டியலையும் கொண்டுவந்திருந்தார். அன்றிரவு கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து முதியவரின் குரலைக் கேட்டார்கள். சிலர் அழுதார்கள். சிலர் அவர் சொன்ன ஏதோ வேடிக்கைக்குச் சிரித்தார்கள். எனக்குப் பாதி புரியவில்லை.

மகள் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் படம் எடுத்தீர்களே, அது எங்கே?"

ஏழு வருடத்தில் ஒரு பிரதிகூட நான் அனுப்பவில்லை. தபால் போகாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தோழியின் பெட்டி வருடம் தவறாமல் யார் மூலமாவது போய்ச் சேர்ந்திருக்கிறது. என்னிடம் அந்தப் படம் செல்போனில் மட்டும் இருந்தது. காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "பதினான்கு" என்றார். பிறகு, "இது இங்கேயே இருக்குமா?" என்று கேட்டார்.

செல்போனைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் அலுவலக வேலைகள் இருந்தன என்று இப்போது எழுதவே வெட்கமாயிருக்கிறது. அவருடைய மருமகன் தன் போனிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி நீட்டினான். படத்தை ஏற்றிக் கொடுத்தேன். நல்ல தாளில் அச்சிட்டு அனுப்புவதாகச் சொன்னேன். மகள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று வழிபாடு முடிந்ததும் மூமு. குழியில் சூடான கற்களை அடுக்கி, வாழை இலைக்குள் பன்றி இறைச்சியையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் வைத்து மூடிவிட்டு, மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். மழை தூறியது, யாரும் எழுந்திருக்கவில்லை.

28ந் தேதி விமானம் வந்தது. மகள் எனக்கு ஒரு பிலும் பையும், அது நிறையக் கிழங்கும் கொடுத்தார். தராசில் நின்றேன். நான்கு கிலோ அதிகம் என்றார் விமானி. கிழங்கைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, தோழியிடம், "அடுத்த முறை அச்சுப்படத்தை நீ கொண்டுவா" என்றார்.