பத்தடி அறையும் பத்து மில்லிமீட்டரும்

நீங்கள் குடியிருக்கும் வீட்டின் கூடம் எத்தனை அடி அகலம் என்று என்றைக்காவது அளந்து பார்த்திருக்கிறீர்களா? நான் அளந்து பார்த்தேன். எங்கள் தோட்டத்து லயத்தில் கூடம் என்று சொல்லப்படும் முன்னறை, பத்தடிக்குப் பத்தடிதான். அதற்குள்ளே சாமி மேடை, தொலைக்காட்சிப் பெட்டி, தையல் இயந்திரம், மாலை போட்ட தாத்தா படம், பிள்ளைகளின் புத்தகப் பைகள் எல்லாம் இருக்கும். பெண் பார்க்க வருகிறவர்களும் அங்கேதான் உட்காருவார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்தாலும் அங்கேதான் கிடத்துவார்கள். இத்தனையும் நடந்த அந்த அறையை ஒரே படத்தில் பிடித்து விடலாம் என்று கேமராவை எடுத்துக்கொண்டு போய் நின்றால், முடிகிற காரியமாக இல்லை.

தஞ்சோங் மாலிமிலிருந்து சில கல் தொலைவில் உள்ள ஒரு தோட்டத்துப் பள்ளியில் நான் ஆசிரியை. எங்கள் லயங்களைக் கட்டம் கட்டமாகக் காலி செய்து உடைக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது, பெற்றோர்கள் பள்ளியில் கூடிப் பேசினார்கள். கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது, இப்போது வீடும் போகப் போகிறது, பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படமாவது வேண்டாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், அதைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை நாமெல்லாம் படித்திருக்கிறோம். ஆனால் அந்தக் காலத்துத் தோட்ட வீட்டின் உள்புறம் எப்படி இருந்தது என்று காட்டும் படம் உங்களில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? மாரியம்மன் கோயில் முன்னால் வரிசையாக நின்று எடுத்த படம் இருக்கும். பட்டணத்து ஸ்டூடியோவில் திரைச்சீலைக்கு முன்னால் எடுத்த படம் இருக்கும். அடுப்படியை யாரும் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்பதே அதற்குப் பாதிக் காரணம்.

என்னிடம் இருப்பது பழைய கேனன் எஸ்.எல்.ஆர். கேமரா. அதனுடன் வந்த லென்ஸ் 18-இலிருந்து 55 மி.மீ. வரை போகும். எண் குறையக் குறையப் பார்வை விரியும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தடி தள்ளிப் பாயில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 மி.மீ.-இல் சுமார் ஆறடி அகலம் படத்தில் விழும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான். பாட்டிக்கு இடமில்லை. அதே இடத்திலிருந்து 10 மி.மீ.-இல் பார்த்தால் பதினோரடி விழும். பாட்டியும் வருவாள், பக்கத்துச் சுவரும் வரும், சாமி மேடையும் வரும். இந்த எட்டு மில்லிமீட்டருக்காகத்தான் அதிவிரிகோண லென்ஸ் என்று ஒன்றைத் தேட வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட லென்ஸ் ஏன் அவ்வளவு விலை என்று நீங்கள் கேட்கலாம். நான் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்றவளே தவிர ஒளியியல் படித்தவள் அல்லள். எனினும் வகுப்பில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்லிப் பார்க்கிறேன். எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி சாய்வாக நிற்கிறது. படம் எடுக்கும் நொடியில் அது மேலே தூக்கிக்கொள்ளும். அது ஆடுவதற்கு இடம் விட வேண்டும். ஆகவே கேனன் கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் படம் விழும் தளத்துக்கும் இடையில் 44 மி.மீ. இருக்கிறது. 10 மி.மீ. லென்ஸோ படத் தளத்துக்கு மிக அருகில் இருக்க விரும்பும். 44-க்கு அப்பால் நின்றுகொண்டு 10 போல நடிக்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு தந்திரம் வேண்டும். தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து விளையாடியிருப்பீர்களே, தந்திரம் அதுதான். பிரான்சு நாட்டு பியேர் ஆன்ஜெனியூ 1950-இல் இந்த முறையில் எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கு ஒரு லென்ஸ் செய்து, ரெட்ரோஃபோக்கஸ் என்று பெயரிட்டார். அதற்குப் பிறகும் எளிதாகி விடவில்லை. 1959-இல் நிக்கோன் தன் எஃப் கேமராவுக்குக் கொடுத்த 21 மி.மீ. லென்ஸைப் பொருத்த வேண்டுமானால், உள்ளேயிருக்கும் கண்ணாடியை மேலே தூக்கிப் பூட்டி விட வேண்டும். பிறகு எதைப் பார்த்துப் படம் எடுப்பது? அதற்கென்று தனியாக ஒரு பார்வைக் குழலைக் கேமராவின் தலையில் செருக வேண்டும்!

அந்தக் கதை நீண்டது. நம் காலத்துக்கு வருவோம். சிறிய படத்தளம் கொண்ட கேமராக்களுக்கு 2004-இல் கேனன் 10-22 மி.மீ. லென்ஸைக் கொண்டுவந்தது. நல்ல லென்ஸ்தான், நம்மைப் போன்றவர்கள் கைவைக்க முடியாத விலை. 2005-இல் சிக்மா 10-20 வந்தது. டோக்கினாவின் 11-16 எஃப் 2.8 என்ற அகன்ற வாயுடன் வந்து, இரவில் விண்மீன்களைப் படமெடுப்பவர்களிடம் பெயர் வாங்கியது. பிறகு 2014-இல் கேனன் 10-18 மி.மீ. லென்ஸ் ஒன்றை அமெரிக்காவில் 299 டாலர் என்று அறிவித்தது. தன் பழைய 10-22-இல் ஏறக்குறைய பாதி விலை. 2017-இல் நிக்கோனும் 10-20 ஒன்றை மலிவாகக் கொடுத்தது. ஆனால் நிக்கோன்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த லென்ஸ் பழைய நிக்கோன் கேமராக்கள் சிலவற்றோடு ஒத்துப் போகாது. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நான் வாங்கியது கேனன் 10-18. பயன்படுத்தியது, 650 வெள்ளி. இப்போது எல்லாரும் கண்ணாடியில்லாத புதுவகைக் கேமராவுக்குப் போய்க்கொண்டிருப்பதால், எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் கைமாற்று விலையில் நன்றாகவே கிடைக்கின்றன. பணக்காரர் வீட்டுப் பழைய சாமான் நமக்குப் புதுச் சாமான், அவ்வளவுதானே!

கையில் எடுத்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எடை 240 கிராம். கேமராவில் பொருந்தும் வளையம்கூடப் பிளாஸ்டிக். எறிந்து விளையாட ஆகாது. வெயில் மறைப்பு கூடவே வராது, தனியாக வாங்க வேண்டும். எஃப் 4.5-இல் தொடங்கி, 18 மி.மீ.-க்குப் போகும்போது 5.6 ஆகச் சுருங்கி விடுகிறது. டோக்கினாவின் 2.8 இதைவிடச் சுமார் இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இந்தக் குறைகளையெல்லாம் படித்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தால் எனக்குத்தான் நட்டம். ஏனென்றால் இதில் கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு இருக்கிறது. சிக்மாவிலும் டோக்கினாவிலும் அது இல்லை. லயத்து அடுப்படியில் ஒரு சிறிய சன்னலும் ஒரு குழல் விளக்கும்தானே! மூச்சை அடக்கி, கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு, கால் நொடி திறந்து எடுத்தேன். பானையில் ஒட்டியிருந்த கரியும் தெளிவாக விழுந்தது. ஆனால் பானை அசையாது. பேரப்பிள்ளை அசைவான். நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு நம் கையைத்தான் பிடித்துக்கொள்ளும், ஓடுகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது. தீமிதி இரவில் இந்த லென்ஸ் தோற்றுத்தான் போயிற்று. பக்தர்கள் நெருப்பின்மேல் ஓடும் வேகத்துக்கு அதன் வாய் போதாது.

லென்ஸைச் சோதிக்க நான் தேர்ந்தெடுத்த இடம் எது தெரியுமா? தஞ்சோங் மாலிமின் பெருமையாகிய சுலுஹ் புடிமான் கட்டடம். மலாய்ப் பள்ளி ஆசிரியர்களுக்காக 1922-இல் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியின் கட்டடம் அது. அந்தக் கல்லூரி 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கட்டடத்தில் இப்போது தேசியக் கல்வி அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு பள்ளி ஆசிரியைக்கு அதைவிடப் பொருத்தமான சோதனைக்கூடம் ஏது? நேர்கோடுகள் நிறைந்த கட்டடமாக இருந்தால் லென்ஸின் குற்றம் ஒளிந்துகொள்ள முடியாது. 10 மி.மீ.-இல் ஓரத்துக் கோடுகள் கொஞ்சம் வெளியே வளைந்தன, பீப்பாய் போல. நான்கு மூலைகளும் சற்று இருண்டன. எஃப் 8-க்குப் போனதும் இருட்டும் மங்கலும் பெரும்பாலும் மறைந்தன. 14 மி.மீ.-இல் எடுத்ததை யாரிடம் காட்டினாலும் மலிவு லென்ஸ் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்து பிடித்தேனோ இல்லையோ, கட்டடம் அப்படியே பின்னால் மல்லாக்கச் சாய்ந்தது! இது லென்ஸின் குற்றமன்று. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அதிவிரிகோண லென்ஸும், அதைச் சாய்த்துப் பிடித்தால் இதைத்தான் செய்யும். கேமராவை நேராகப் பிடிக்க வேண்டும், தேவைப்பட்டால் பின்னால் நகர வேண்டும். நகரத்தான் அங்கே திடல் இருக்கிறதே.

இன்னொன்று. எல்லாவற்றையும் அடக்குகிறதே என்று தூரத்தில் நின்று எடுத்தால் திதிவங்சா மலைத்தொடரே எறும்புப் புற்றாகி விடும். இந்த லென்ஸுக்குக் கிட்டப் போக வேண்டும். 22 செ.மீ. வரை நெருங்கலாம். பால்மரம் வெட்டும் கத்தியைக் கையில் பிடித்த ஓர் அம்மாவிடம் மூன்றடியில் போய் நின்று எடுத்துப் பாருங்கள். கத்தி பெரிதாக முன்னால் நிற்கும், அம்மா பின்னால், லயம் அவருக்கும் பின்னால். ஆனால் படத்தின் ஓரத்தில் மட்டும் யாரையும் நிறுத்தாதீர்கள். தலை பூசணிக்காயாக இழுபட்டு விடும். பிறகு அந்த வீட்டில் உங்களுக்குத் தேநீர் கிடைக்காது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். நாற்பது வீடுகளுக்கு மேல் எடுத்து, படங்களைப் பெரிதாக அச்சடித்து வந்து, முதலில் லயத்தின் கடைசி வீட்டுப் பாட்டியிடம் காட்டினேன். அறுபது ஆண்டுக்கும் மேல் அந்த வீட்டில் இருந்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“டீச்சர், என் வீடு இவ்வளவு பெருசாவா இருந்துச்சு? அப்புறம் ஏன் என் புள்ளைங்க அஞ்சடியில படுத்துத் தூங்குனாங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. அந்த லென்ஸ் பத்தடி அறையைப் பங்களா மண்டபம் போலக் காட்டியிருந்தது. அருகில் உள்ளது பெரிதாகவும் தூரத்தில் உள்ளது மிகச் சிறிதாகவும் தெரிவதால், எதிர்ச்சுவர் எங்கோ தள்ளிப் போய்விடுகிறது. வீடு விற்கும் விளம்பரங்களில் சின்ன அறைகள் விசாலமாகத் தெரிவதன் இரகசியமும் இதுவே. நாளை நம் பிள்ளைகளோ, வெளியூரிலிருந்து வரும் ஒருவரோ இந்தப் படங்களைப் பார்த்து, தோட்டத்தில் என்ன குறை, நல்ல விசாலமான வீடாகத்தானே கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னால்? அந்த நெருக்கடியில் எட்டுப் பேராக வாழ்ந்ததுதான் நம் கதை. அதை அழிக்கிற படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு ஆள் வேண்டும், அளவு வேண்டும். மறுபடியும் போனேன். இந்த முறை வீட்டார் எல்லாரையும் இருக்கச் சொன்னேன். அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், பாய் விரித்து, சுவரிலிருந்து சுவர் வரை. எதிர்ச்சுவர் ஓரமாகவும் ஒருவரை நிற்க வைத்தேன். ஆளைப் பார்த்ததும் அறை தன் அளவுக்குத் திரும்பியது. முடிந்த இடங்களில் 10-ஐ விட்டு 13, 14-இல் எடுத்தேன். ஒவ்வொரு படத்தின் கீழும் “10 அடி x 10 அடி, 8 பேர்” என்று எழுதினேன். பாட்டி அதைப் பார்த்து, “ஆமா, இதுதான் நம்ம வீடு,” என்றார்.

கைப்பேசியிலேயே இப்போது விரிகோணம் இருக்கிறதே, இதற்கு ஏன் தனி லென்ஸ் என்று பலர் கேட்டார்கள். வெயிலில் எடுத்துக் கைப்பேசியிலேயே பார்ப்பதானால் அதுவே போதும், செலவழிக்க வேண்டாம். அடுப்படி இருட்டில் எடுத்து இரண்டடி அகலத்துக்கு அச்சடித்துச் சுவரில் மாட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். எங்கள் பள்ளிச் சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

அடுத்தது ஒரு கடன் கதை. என் பழைய மாணவன் ஒருவன் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு, வார இறுதியில் கல்யாணப் படம் எடுக்கிறான். அவன் அம்மா பள்ளிக்கே வந்து விட்டார். “டீச்சர், மூவாயிரம் வெள்ளிக்குத் தவணை போட்டு ஏதோ லென்ஸ் வாங்கணுங்கிறான். நீங்க சொன்னா கேப்பான்.” “கவலைப்படாதீங்க அக்கா, அனுப்பி வைங்க,” என்றேன். வந்தவனிடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் வாங்கிவிடுவான், அந்த வயது அப்படி. என் லென்ஸைக் கொடுத்து, இரண்டு கல்யாணம் எடுத்து வா என்றேன். திரும்பி வந்ததும் இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். ஆல்பத்துக்குப் போன அறுபது படத்தில் விரிகோணத்தில் எடுத்தவை நான்கு. மண்டபத்தின் முழுத் தோற்றம் இரண்டு, மணவறைக்கு மேலிருந்த பூ அலங்காரம் ஒன்று, பந்தி ஒன்று. மணமக்களுக்கு அருகில் போய் எடுத்தவற்றில் பெண்ணின் கை தடித்துத் தெரிந்ததால் அவனே நீக்கிவிட்டான். “நாலு படத்துக்கு மூவாயிரமா டீச்சர்?” என்று அவனே கேட்டான். இப்போது தேவைப்படும்போது என்னிடம் வாங்கிக்கொண்டு போகிறான்.

நீங்களும் கைமாற்றில் வாங்குவதானால் இரண்டு சோதனைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். செங்கல் சுவருக்கு நேராக, கேமராவை அசையாமல் வைத்து எடுத்து, வலது ஓரத்தையும் இடது ஓரத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் அது கீழே விழுந்த லென்ஸாக இருக்கும். அடுத்து, இருட்டறையில் கைவிளக்கின் ஒளியை லென்ஸின் ஊடே பாய்ச்சுங்கள். சிலந்தி நூல் போல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சணம், விலை எவ்வளவு குறைத்தாலும் தொடாதீர்கள். தஞ்சோங் மாலிமில் பெய்கிற மழைக்குப் பூஞ்சணம் உள்ளே புகுந்தால் நிற்காது. என்னுடையது காற்றுப் புகாத பிஸ்கட் டின்னுக்குள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு இருக்கிறது. அரிசி டின்னில் போட்டு வைக்கும் பழக்கம் வேண்டாம், தவிட்டுத் தூசு உள்ளே போகும். முன்மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். அளவு 67 மி.மீ. என்னுடையதில் இல்லை. பழைய மாணவன்தான் எங்கிருந்தோ ஒன்று தேடிக் கொண்டுவந்து கொடுத்தான்.